முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து லாரி ஓட்டியவர்

பாக்கியசாமிக்குக் கால் போன பிறகுதான் ஏசி அறையில் வேலை கிடைத்தது என்று மலாக்காவின் குருபோங் தாமான் குடியிருப்பில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களை அவர் முறைப்பார். மறுக்க மாட்டார். நடந்தது அதுதான்.

புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, லைசன்ஸ் எடுக்கிற வயசு வந்ததும் லாரியில் ஏறியவர் இருபத்தேழு வருஷம் இறங்கவேயில்லை. முதலில் செம்பனைக் குலை, பிறகு எண்ணெய் டேங்கர், கடைசியில் கண்டெய்னர் டிரெய்லர். ஆள் முரடுதான், வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் வேறு மனுஷன். எந்த டயரில் காற்று குறைச்சல் என்று உட்கார்ந்த இடத்தின் ஆட்டத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அப்புறம் இனிப்புநீர், சர்க்கரை வியாதி, வந்தது. புதுச் சப்பாத்து கடித்த ஒரு சின்னப் புண்ணை ரெண்டு வாரம் சட்டை பண்ணாமல் விட்டார். விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்தார்கள். லாரி லைசன்ஸும் அதோடு போனது. எட்டு மாதம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்து நின்றார். மனைவி பிரிஜிட் தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கும் வேலைக்குப் போனாள். அவள் சாயங்காலம் வரும்போது அவர் காலையில் நின்ற இடத்திலேயே நிற்பார்.

அந்த எட்டு மாதமும் விடாமல் வந்து பார்த்தவர் காந்தன் ஒருவர்தான். காந்தன் அவரிடம் பத்தொன்பது வருஷம் கெலிண்டானாக, அதாவது லாரியில் கூடவே போகும் உதவியாளாக இருந்தவர். வயசில் காந்தன்தான் மூத்தவர். வண்டிக்குள் பாக்கியசாமி முதலாளி, வண்டியை விட்டு இறங்கினால் காந்தன் அண்ணன். இந்தக் கணக்கில் ரெண்டு பேருக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

லாரியைக் கோஸ்தான் அடிக்கும்போது, பின்னுக்கு எடுக்கும்போது, டிரைவருக்குப் பின்பக்கம் குருடு. காந்தன் இறங்கிப் போய் வண்டியின் பக்கவாட்டில் நிற்பார். உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினால் வா என்று அர்த்தம். ஓங்கி ஒரே ஒரு தட்டு என்றால் நில். வாயால் கத்தினால் இஞ்சின் சத்தத்தில் கேட்காது. அந்தத் தட்டு இரும்பு வழியாக ஓடிவந்து டிரைவரின் முதுகில் விழும். விழுந்த நொடி பாக்கியசாமியின் கால் பிரேக்கில் இருக்கும். மூளையைக் கேட்டுவிட்டுப் போவதில்லை. நூறு தடவை காந்தன் அப்படி ஒரு தட்டு தட்டிவிட்டு, குனிந்து டிரெய்லருக்கு அடியில் கைவிட்டு எதையாவது இழுத்திருப்பார். தட்டினால் வண்டி நிற்கும். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பாக்கியசாமியின் காலை எடுத்த பிறகு காந்தன் புலாவ் செபாங்கில் ரயில் பாதை ஓரத்துக் கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் வந்து கேட்டருகே நின்று, "டேய் பாக்கியம், டிரைவர் இல்லாத லாரி வந்திருக்குடா எங்க யார்டுல," என்றார்.

"போண்ணே. நான் இல்லாத லாரிதான் ஊரெல்லாம் ஓடுது."

"கேளுடா முதல்ல. வண்டி அங்க, ஓட்டறவன் இங்க குருபோங்குல ஆபீஸ் மாடியில. முன்னால டிவி, கையில ஸ்டேரிங். ஃபைவ் ஜி-லா. நீ திருப்புனா அங்க திரும்பும்."

"பிரேக்கு? எதால மிதிக்கறது, வாயாலயா?"

"கையால அமுக்கற மாதிரி வச்சுத் தர்றாங்களாம். கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒத்தக் காலோட ஒரு ஆள் இருக்கான்னு உன் பேரைச் சொல்லிட்டேன்."

அப்படித்தான் அந்த வேலை வந்தது. அறைக்குப் பொறுப்பாளன் ரிதுவான், முப்பது வயசு, மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். பாக்கியசாமியை உட்காரவைத்து, மூன்று திரைகளையும் காட்டி, "ஓட்டிப் பாருங்கண்ணே," என்றான். ஸ்டேரிங்கைத் தொட்டதும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ப்ரைம் மூவர், டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி, முக்கிக்கொண்டு நகர்ந்தது. பாக்கியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் ஒரு குறை. "உடம்புக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது தம்பி. நாற்காலி செத்த மாதிரி கிடக்கு," என்றார். அதற்குத்தான் காதுக்கு ஒரு கருவி இருந்தது. வண்டியில் வைத்திருந்த மைக் அங்கே கேட்பதை எல்லாம் இங்கே கொண்டுவந்தது. இஞ்சின் முனகல், டயரில் கல் நசுங்குவது, மழை. ரெண்டாம் வாரம் அந்தக் காதில் 'டப்' என்று ஒரு அறை விழுந்தது. கை தானாகப் பிரேக்கை அமுக்கியது. திரையில் டிரெய்லர் ஓரமாக நின்று காந்தன் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். உடனே கைப்பேசி அடித்தது.

"என்னடா, கேட்டுச்சா?"

"காதுல அறைஞ்ச மாதிரி கேட்டுச்சுண்ணே!"

"பார்த்தியா, என் கை ஃபைவ் ஜி கை!"

யார்டின் சட்டப்படி அது தப்பு. தரையில் இருக்கும் ஆள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, வண்டியைத் தொடக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் கழுத்தில் தொங்கும் கருவியில் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். காந்தன் அந்தக் கருவியைத் தாயத்து மாதிரி சட்டைக்குள் போட்டு வைத்திருந்தார். இந்த விஷயம் ரெண்டு பேருக்குள்ளேயே இருந்தது. ரிதுவானுக்குக்கூடத் தெரியாது.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பாக்கியசாமி மறுபடி ஆளானார். இஸ்திரி போட்ட சட்டையில் போனார். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது நாலு பேர் வந்து, எப்படி அங்கிள் இங்கிருந்து அங்கே ஓடுது என்று கேட்டார்கள். பிரிஜிட் வீட்டுக்குள் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். அந்த நாற்காலி போனால் அடுத்தது வாசல் கேட்தான் என்பது வீட்டில் ரெண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் சத்தம் பிசகியது. கம்பெனிக்காரர்கள் முதல் நாள் எதையோ மாற்றினார்களாம். படம் உடனே வந்தது, சத்தம் பின்தங்கி வந்தது. திரையில் வண்டி நின்ற பிறகு காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பாக்கியசாமிக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது.

"இஞ்சினியர் கோலாலம்பூர்லேர்ந்து வரணும்ணே, அடுத்த வாரம் ஆகும்," என்றான் ரிதுவான். "மத்த ரெண்டு பேரும் சவுண்டே வைக்கறதில்ல. ரூல்ஸ்லயும் அது கட்டாயம் இல்ல. அடைச்சிடுங்க, நிம்மதியா இருக்கும்."

காந்தண்ணன் தட்டுவாரே என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், வண்டியைத் தொடுகிறாரா என்று காந்தன்மேல் பிராது போகும். பாக்கியசாமி வாயை மூடிக்கொண்டு சத்தத்தை அடைத்தார்.

காந்தனிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் இருந்தார். ஆனால் என்னவென்று சொல்வது? உன் கைக்கு இப்போது வேலை இல்லை, கழுத்தில் தொங்குகிற பொத்தானை அமுக்கு என்றா? போனில் சொன்னால் மனுஷன் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் ஜோனிட்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்து, கூட்டம். திங்கட்கிழமை காந்தனே கூப்பிட்டார். தன் முட்டி வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, "சரிடா, வண்டி வருது," என்று வைத்துவிட்டார். வியாழன் முதல் திங்கள் வரை தட்டும்படியான தேவை எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சரியான மழை. பாக்கியசாமி யார்டுக் கிடங்கின் ஏழாம் நம்பர் கதவுக்கு ஒரு டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ப்ரைம் மூவரின் நாலு பக்கமும் கேமரா உண்டு, ஆள் குறுக்கே வந்தால் தானே நிற்கும். பின்னால் இழுபடுகிற டிரெய்லருக்கு அந்தக் கண் இல்லை. அதன் முதுகைப் பார்க்கக் கம்பத்தில் ஒரே ஒரு கேமரா. அதன் மேல் மழை வழிந்து எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது.

பாதி தூரத்தில் டிரெய்லர் கொஞ்சம் கோணலாகப் போவது போலிருந்தது. நிறுத்தினார். கோணத்தைப் பார்த்தார். மூன்று நொடி இருக்கும். சரியாகத்தான் இருக்கிறது என்று பிரேக்கை விட்டு மறுபடி பின்னுக்கு எடுத்தார்.

வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியது போலப் படம் லேசாக ஆடியது. கதவோரத்து ரப்பர் கட்டை என்று நினைத்தார். அப்புறம் திரையில் யார்டு ஃபோர்மேன் தங்கையா ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு மழையில் ஓடிவந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பாக்கியசாமி பிரேக்கை அமுக்கினார். ஊன்றுகோலைத் தேடாமல் ஒற்றைக்காலில் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துக் "காந்தண்ணே! காந்தண்ணே!" என்று கத்தினார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபவாஸ் நடுங்கிப்போய்த் தன் வண்டியையும் நிறுத்திவிட்டான். பாக்கியசாமி கைப்பேசியை எடுத்துக் காந்தன் நம்பரை அழுத்தினார். திரையில் தங்கையா குனிந்து தண்ணீரிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்தார். அதில் வந்த பேரைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். எடுத்துப் பேசவில்லை.

காந்தன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

மூன்றாம் நாள் விசாரணை. பாதுகாப்பு மேனேஜர், வெளியிலிருந்து வந்த ஒரு விசாரணை அதிகாரி, ரிதுவான், பாக்கியசாமி. வேறொரு கம்பத்துக் கேமராவில் பதிவானதை மேனேஜர் போட்டுக் காட்டினார். காந்தன் மஞ்சள் கோட்டைத் தாண்டி வருகிறார். டிரெய்லர் போகும் வழியில் உடைந்த பலகை ஒன்று கிடக்கிறது.

"இங்கே பாருங்கள்," என்று மேனேஜர் மலாயில் சொல்லிப் படத்தை நிறுத்தினார். "டிரெய்லரின் மேல் கையை ஊன்றுகிறார். தள்ளாடுகிறார். மயக்கமோ, குடியோ. அடுத்து அப்படியே கீழே சாய்கிறார்."

பாக்கியசாமி பார்த்தார். தோளிலிருந்து ஓங்கிய கை, விரல் விரியாமல் தட்டையாக, ஒரே தடவை விழுந்தது. அது ஊன்றிய கை கிடையாது. தட்டியதும் காந்தன் நிமிர்ந்து ஒரு மூச்சு காத்திருந்தார். அதே நேரத்தில் டிரெய்லர் நின்றது. கோணம் பார்க்க அவர் நிறுத்திய அந்த மூன்று நொடி. வண்டி நின்றதும் காந்தன் திருப்தியாகக் குனிந்து பலகையை இழுக்க உள்ளே போனார். தம்பி கேட்டுவிட்டான் என்று நினைத்துப் போயிருக்கிறார்.



"நிறுத்தச் சொல்லி ஏதாவது சைகை வந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

ரிதுவான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியசாமி "இல்லை," என்றார். அன்றைக்கு அவருக்கு எதுவும் வந்து சேரவில்லை, அதனால் அது பொய்யாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ரிதுவான் தோளைத் தொட்டு, "உங்க சீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே," என்றான். ஒரு வாரத்தில் மறுபடி உட்கார்ந்தார். ஏழாம் நம்பர் கதவுக்கே டிரெய்லரை எடுத்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புலாவ் செபாங் போனார். கூடாரத்தில் ஆண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் விழுந்தாராம், கேமராவிலேயே இருக்கிறதாம். காந்தனின் மனைவி ராஜம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பாக்கியம், நீதானே ஓட்டுனே. நீ பார்த்தியே. இவர் தள்ளாடினாராய்யா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்ல. காலையில அஞ்சு இட்லி சாப்பிட்டுட்டுப் போனவருக்கு எங்கேர்ந்து மயக்கம் வரும்? ஊரே சிரிக்குது."

"மழை அண்ணி," என்றார் பாக்கியசாமி. "சரியாத் தெரியல."

இலை போட்டார்கள். அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பிரிஜிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார், சத்தம் அடைத்ததிலிருந்து.

"சொன்னா சீட்டு போயிடும்," என்றாள்.

"போயிடும்."

"போனாப் போகட்டும்னு நான் சொல்லுவேன்னு பார்க்காத. எட்டு மாசம் உன்னைக் கேட்டுல நிக்க வச்சுப் பார்த்தவ நான். என்னால சொல்ல முடியாது." கொஞ்சம் பொறுத்து, "சொல்ல வேணாம்னும் என்னால சொல்ல முடியல," என்றாள்.

மறுநாள் காலையில் ரிதுவானிடம் போய்ச் சொன்னார். ரிதுவான் கதவைச் சாத்தினான்.

"ஏன்ணே இப்ப? ஃபைல் முடிஞ்சிருச்சு. சவுண்ட் அடைக்கச் சொன்னது நான். என்னையும் சேர்த்துத்தான் இழுக்கறீங்க."

"உன் பேரைச் சொல்லல தம்பி. நான்தான் அடைச்சேன்னு சொல்றேன். அந்த மனுஷன் தள்ளாடல. அதை மட்டும் எழுதணும்."

அதிகாரி இன்னொரு தடவை வந்தார். பாக்கியசாமி படத்தைப் போடச் சொல்லி, நிறுத்தி, அந்தக் கையைக் காட்டினார். ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு என்றால் வா. பத்தொன்பது வருஷம் லாரியில், ஒன்றரை வருஷம் இந்த அறையில்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இந்தச் சைகை கம்பெனி விதிமுறையில் எங்காவது எழுதியிருக்கிறதா?"

"இல்லை."

"வேறு யாருக்காவது தெரியுமா? அந்த யார்டில் யாராவது?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சோம்."

"அப்படியானால் நீங்கள் சொல்வது சரி என்று யார் சொல்வார்கள்?"

பாக்கியசாமி யோசித்துப் பார்த்தார். "காந்தண்ணன்தான்," என்றார். அதிகாரி பேனாவை மூடினார்.

அறிக்கை மாறவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி மட்டும் கூடியது. வண்டியை இயக்கியவர் பிற்பாடு தம் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார் என்று. விதிக்குப் புறம்பான பழக்கத்தை மறைத்ததற்காகப் பாக்கியசாமியின் நுழைவுப் பாஸை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். அவர் படியிறங்கும்போதே ஃபவாஸை அந்த நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள்.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போனார். பிரிஜிட் காரிலேயே இருந்துகொண்டாள். ராஜம்மா உட்காரச் சொல்லவில்லை. அவர் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். தட்டியதை, வண்டி நின்றதை, நின்றது எதற்காக என்பதை.

"அப்ப தள்ளாடல," என்றார் ராஜம்மா.

"தள்ளாடல அண்ணி. நல்ல தெளிவாத்தான் இருந்தாரு. நான் கேட்டுட்டேன்னு நம்பித்தான் குனிஞ்சாரு."

"அது பேப்பர்ல இருக்கா?"

"இல்ல அண்ணி. நான் சொன்னதா ஒரு வரி இருக்கு. அதுவும் நான் மாத்திப் பேசுனேன்னு இருக்கு."

ராஜம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மலாய் எழுத்து, அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார்.

"காரியத்தன்னிக்குக் கேட்டேனே. ஊர் பூரா கூடாரத்துல உக்காந்திருந்துச்சு. எல்லார் முன்னாடியும் அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது போதும் பாக்கியம், எனக்கு இந்தப் பேப்பர் எதுக்கு? இனிமே யாரைக் கூட்டி உக்கார வச்சு இதைச் சொல்லப் போற?"

ராஜம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

பாக்கியசாமி ஊன்றுகோலை வைத்து மூன்று படியையும் ஒவ்வொன்றாக இறங்கினார். காரில் ஏறிக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிரிஜிட் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.